பூட்டிக் கிடக்கும் வீடுகள்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம்மவர் பழமொழி. என் தந்தையார் இதைச் சொல்லாத நாளே இல்லை எனலாம். அவர் சொன்ன இடமோ திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தன வீடு. ஒரே வாசற்படி, உள்ளே ஆறு குடித்தனம், ஆறுக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு குழாய். எங்கள் பங்குக்குக் கிடைத்தவை ஓர் அறையும், தாழ்வாரத்தில் தட்டி வைத்து மறைத்த சமையலிடமுமே. அந்த ஓர் அறையில் நாங்கள் எண்மர் வாழ்ந்தோம். 31 ஆண்டுகள் தவறாமல் குடக்கூலி கொடுத்த என் தந்தையார், தம் பெயரில் ஒரு பிடி மண்ணும் இல்லாமலே காலமானார். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் ஒரு மூலையும் காலியாகக் கிடந்ததில்லை. ஒரு குடும்பம் வெளியேறினால், புதிதாக அடித்த சுண்ணாம்பு உலர்வதற்குள் மற்றொரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து சேரும்.

இன்று நாட்டின் நிலை வேறு. வீடுகள் பெருகியிருக்கின்றன, சொந்த வீட்டுக்காரர்களும் பெருகியிருக்கிறார்கள், அவற்றோடு பூட்டிய வீடுகளும் பெருகியிருக்கின்றன. வீடு போதவில்லை என்ற முறையீடு மட்டும் ஓய்ந்தபாடில்லை. இவை நான்கும் ஒரே காலத்தில் எவ்வாறு உண்மையாக இருக்க முடியும்? இக்கேள்வியையே இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். நான் பொருளாதாரம் கற்ற அறிஞன் அல்லேன். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்துவதோடு வேறொரு கடமையும் வந்து வாய்ப்பதுண்டு. அதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் முதற் கட்டமாக, 2010-இல் நாடெங்கும் வீட்டுப் பட்டியல் எடுத்தார்கள். சென்னையை அடுத்த ஒரு புறநகரில் சில தெருக்கள் என் பொறுப்பில் வந்தன. கையில் கொடுத்த படிவத்தில் 35 கட்டங்கள். சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, அறைகள் எத்தனை, மணமான தம்பதிகள் எத்தனை பேர், வீடு சொந்தமா வாடகையா, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் எவரும் வசிக்கவில்லை, வேறு எந்தப் பணிக்கும் அது பயன்படவில்லை என்றால் வேலை எளிது. 'காலி' என்று குறித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடலாம். குடும்பத்தைப் பற்றிய கட்டங்களை நிரப்ப வேண்டுவதில்லை. வெயிலில் நடந்து களைத்த கணக்காளனுக்குக் காலி வீடு கண்டால் ஒரு வகை மகிழ்ச்சி உண்டாவது இயல்பு. நானும் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அத்தெருவில் அப்போதுதான் எழும்பியிருந்தது ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மொத்தம் 12 வீடுகள். அவற்றுள் ஐந்து பூட்டிக் கிடந்தன. ஒன்றின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மற்றொன்று விலை ஏறட்டும் என்று வைத்திருப்பது. மூன்றாவது மகளுக்குச் சீதனமாகப் போக வேண்டியது. மற்ற இரண்டின் சொந்தக்காரர் யாரென்றே அண்டையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஐந்து முறை 'காலி' என்று எழுதிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கட்டடத்தின் பின்புறம், மதிலோடு மதிலாக, கல்நார்த் தகடு வேய்ந்த ஓர் அறை. அதில் ஏழு பேர் இருந்தார்கள். கணவன், மனைவி, கணவனின் தாய், மணமான மூத்த மகன், அவன் மனைவி, இன்னும் இரண்டு பிள்ளைகள். அறைகள் எத்தனை என்று கேட்டேன். ஒன்று என்றாள் அந்த அம்மாள். தம்பதிகள் எத்தனை என்று கேட்டேன். இரண்டு என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, சுவரில் ஓர் ஆணியில் சாவிக் கொத்து ஒன்று தொங்குவதைக் கண்டேன். என்ன சாவி என்று கேட்டேன். "மேலே பூட்டியிருக்கிற வீடுகளின் சாவிதான் ஐயா. ஐந்தும் என்னிடந்தான் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் திறந்து பெருக்கிக் காற்றாட வைத்துவிட்டுப் பூட்டுகிறேன்" என்றாள். அவள் குரலில் பொறாமையும் இல்லை, வருத்தமும் இல்லை. அது அவளுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

அன்று நான் கண்டது ஒரு தெருவின் காட்சி என்று நினைத்தேன். கணக்கு முழுவதும் வெளிவந்த பிறகு, அது நாட்டின் காட்சியே என்று தெரிந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் சுமார் 33 கோடி வீடுகள் இருந்தன. தனி வாசல் உள்ள கடை, பள்ளி, கோயில் முதலியவற்றையும் கணக்கெடுப்பார் 'வீடு' என்றே எண்ணுவர் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இவற்றுள் ஏறக்குறைய 2 கோடியே 47 லட்சம் வீடுகள் காலி. அவற்றுள் நகரங்களில் மட்டும் 1 கோடியே 11 லட்சம். பத்தாண்டுகளுக்கு முன், 2001-இல், நகரங்களில் இருந்த காலி வீடுகள் சுமார் 65 லட்சமே. ஆக ஒரே பத்தாண்டில் நகரத்துப் பூட்டுகள் ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பெருகிவிட்டன. மாநகரங்களுள் மும்பையில் ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம். தில்லியிலும் பெங்களூரிலும் சுமார் 3 லட்சம் வீதம். தில்லியை அடுத்த குருகிராமத்திலோ நூற்றுக்கு 26 வீடுகள் காலியாகக் கிடந்தன.

இப்போது மறு தட்டைப் பார்ப்போம். அதே காலத்தில், 2012-இல், பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையில் அமைந்த வல்லுநர் குழு ஒன்று, நகரங்களில் மட்டும் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. ஒரு கோடிக்கு மேல் காலி. இரண்டு கோடிக்குச் சற்றுக் குறைவான பற்றாக்குறை! இதைக் கேட்டவுடன், காலி வீடுகளைத் திறந்து கொடுத்தால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுமே என்று எண்ணத் தோன்றும். விஷயம் அவ்வளவு எளிதன்று.

பற்றாக்குறை என்ற சொல்லை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அக்குழு கணக்கிட்ட 1 கோடியே 88 லட்சத்தில், கூரையே இல்லாமல் தெருவில் வாழும் குடும்பங்கள் சுமார் 5 லட்சம். வாழத் தகுதியற்ற கச்சா வீடுகளில் இருப்பவை ஏறக்குறைய 10 லட்சம். இடிந்து விழும் பழைய வீடுகளில் இருப்பவை சுமார் 23 லட்சம். எஞ்சிய 1 கோடியே 50 லட்சமும் நெருக்கடியால் வந்த பற்றாக்குறை. அஃதாவது, தலைக்கு மேல் கூரை உண்டு. ஆனால் மணமான தம்பதிக்கென்று தனி அறை இல்லை. நான் கண்ட அந்த ஒற்றை அறைக் குடும்பம் இந்த 1 கோடியே 50 லட்சத்தில் ஒன்று. நாட்டில் நூற்றுக்கு 37 குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்கின்றன என்று 2011-ஆம் ஆண்டுக் கணக்கே கூறுகிறது. தலை குனிந்து அந்த அம்மாள் சொன்ன 'இரண்டு' என்ற விடைதான் தில்லிக்குப் போய்ப் புள்ளிவிவரமாயிற்று.

இன்னும் ஒன்று. இந்தப் பற்றாக்குறையில் நூற்றுக்கு 95-க்கு மேல் ஏழைகளுடையதும் குறைந்த வருமானக்காரர்களுடையதுமே. நடுத்தர வகுப்பினருக்கும் அவர்களுக்கு மேற்பட்டோருக்கும் உள்ள பற்றாக்குறை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பூட்டிக் கிடக்கும் அடுக்குமாடி வீடுகளோ பெரும்பாலும் அந்த மேல்வகுப்பாருக்காகக் கட்டப்பட்டவை. பசித்தவன் கேட்பது கஞ்சி. கடையில் குவிந்திருப்பது முந்திரிப் பருப்பு. விலை இறங்கினாலன்றி இவ்விரண்டும் சந்திப்பதில்லை.

காலி வீடு என்றாலே குற்றம் என்றும் கொள்ளக்கூடாது. மாற்றலாகி வருபவன், புதிதாக மணம் செய்துகொண்டவன், பிள்ளையின் படிப்புக்காக ஊர் மாறுபவன் ஆகியோர் குடிபுக வேண்டுமானால் ஊரில் எப்போதும் சில வீடுகள் காலியாக இருந்துதான் தீர வேண்டும். கிராமங்களில் காலி வீடு வேறு கதை சொல்லும். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு ஊர்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திக் கட்டிய மாளிகைகள், பங்காளிகள் பலருக்கும் உரியவையாய், கல்யாணம் காட்சிக்கு மட்டும் கதவு திறப்பவையாய் நிற்கின்றன. ஜப்பான் நாட்டிலோ 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. மக்கள்தொகையே குறைந்து வருவதால் அங்கே வீடு மிஞ்சுகிறது. நம் நகரங்களில் மக்கள் குறையவில்லை; வந்து குவிகிறார்கள். அவர்கள் வரும் இடத்திலேயே வீடு பூட்டிக் கிடப்பதுதான் நாம் விளக்கம் தேட வேண்டிய புதிர்.

இந்தப் புதிரை அவிழ்க்க ஒரு பழைய எண்ணைப் பார்க்க வேண்டும். 1961-இல் நம் நகரங்களில் நூற்றுக்கு 54 குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருந்தன. 2011-இல் அது நூற்றுக்கு 28 ஆகக் குறைந்தது. இதே 2011-இல் நகரங்களில் சொந்த வீட்டில் வாழ்ந்தவை நூற்றுக்கு 69. கிராமங்களில் நூற்றுக்கு 95-ஐ ஒட்டியது. நாடு முழுவதும் சேர்த்து நூற்றுக்கு 87 எனலாம். என் தந்தையார் இந்த எண்களைக் கேட்டிருந்தால் நாடு செழித்துவிட்டது என்று மகிழ்ந்திருப்பார்.

செழித்ததும் ஓரளவு உண்மை. 1970-இல் மத்திய அரசின் வீட்டு வசதிக் கழகமாகிய ஹட்கோ தோன்றியது. 1977-இல் வீட்டுக் கடனுக்கென்றே ஒரு தனியார் நிறுவனம் பிறந்தது. பின்னர் வங்கிகளும் போட்டியிட்டுக் கடன் கொடுத்தன. மாதச் சம்பளக்காரன் முப்பது வயதிலேயே வீடு வாங்க முடிந்தது. இதை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் சொந்த வீடு என்பதே செல்வத்தின் அளவுகோல் என்று கொள்வது தவறு. ஓலைக் குடிசையும் சொந்தமானால் கணக்கில் 'சொந்தம்' என்றுதான் ஏறும். ஸ்விட்சர்லாந்து நாட்டை ஏழை நாடு என்று எவரும் சொல்லார். அங்கே பாதிக் குடும்பங்களுக்குக்கூடச் சொந்த வீடு இல்லை. ஜெர்மனியிலும் ஏறக்குறையச் சரிபாதிப் பேர் வாடகைக்கு இருப்பவரே. சிங்கப்பூரிலோ பத்தில் ஒன்பது பேர் சொந்த வீட்டில் வாழ்கின்றனர். அரசாங்கமே அடுக்கடுக்காகக் கட்டி, 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்றதன் பயன் அது. வாடகையால் நன்றாக வாழும் நாடும் உண்டு. சொந்தத்தால் நன்றாக வாழும் நாடும் உண்டு. நம் நாட்டில் நேர்ந்தது என்னவென்றால், சொந்த வீட்டுக்குப் போகும் வழி அகலமாயிற்று. வாடகை வீட்டுக்குப் போகும் வழி அடைபட்டது. அடைபட்ட வழியில் நிற்பவன்தான் அந்த ஒற்றை அறையில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறான்.

வழி எப்படி அடைபட்டது? முதற் காரணம் சட்டம். அதுவும் நல்லெண்ணத்தோடு பிறந்த சட்டம். உலகப் போர்க் காலங்களில் நகரங்களில் வீடு கிடைக்காமல் வாடகை விஷம்போல் ஏறியது. பம்பாயில் 1918-இலேயே ஒரு வாடகைச் சட்டம் வந்தது. 1947-இல் வந்த சட்டம், 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி இருந்த வாடகையையே அளவாகக் கொண்டு உறையவைத்தது. சென்னை மாகாணத்திலும் 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. என் தந்தையாரைப் போன்ற எளிய குடித்தனக்காரரை நினைத்தவுடன் தெருவில் இறக்கிவிட முடியாமல் தடுத்தவை இச்சட்டங்களே. அந்த நன்றியை நான் மறக்கலாகாது.

ஆனால் போர் முடிந்து ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் போர்க்கால வாடகையே நிலைத்திருந்தால் என்ன ஆகும்? பம்பாயில் மாதம் சில ரூபாய் வாடகை வாங்கிய சொந்தக்காரர், ஒழுகும் கூரையை ஓடு மாற்றவும் மறுத்தார். கட்டடங்கள் மழைக்காலத்தில் சரிந்தன. பழுதுபார்ப்பதற்கென்றே 1969-இல் அரசாங்கம் ஒரு வாரியம் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் 1997-இல் உச்ச நீதிமன்றம், இவ்வாறு வாடகையை உறையவைத்தது நியாயமற்றது என்று தீர்ப்புரைத்தது. அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. வீடு கட்டி வாடகைக்கு விடுவது அறிவீனம் என்ற பாடத்தை நாட்டு மக்கள் நெட்டுருப் போட்டுவிட்டார்கள். சட்டம் மாறினாலும் நெட்டுருப் போட்ட பாடம் எளிதில் மறப்பதில்லை.

இரண்டாவது காரணம் கணக்கு. 60 லட்ச ரூபாய் பெறுமானமுள்ள ஒரு வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை வருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். நூற்றுக்கு மூன்று ரூபாய். நம் பெருநகரங்களில் வாடகை வருவாய் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரையே இருந்து வந்திருக்கிறது. அதே பணத்தை வங்கியில் போட்டாலே அதைவிட மிகுதியாக வட்டி வரும். பின் ஏன் வீடு வாங்குகிறார்கள்? வாடகைக்காக அன்று, விலை ஏறும் என்பதற்காக. விலையேற்றத்தை நம்பி வாங்கியவனுக்கு வாடகை ஒரு பொருட்டன்று. குடிபுகுந்தவன் வெளியேற மறுத்தால் என்ன செய்வது என்ற அச்சமே பெரிது. ஆகவே பூட்டிவிடுகிறான். தங்கத்தைப் பெட்டியில் பூட்டுவதுபோல வீட்டைப் பூட்டுகிறான். தங்கம் பெட்டியில் இருந்தால் பிறருக்கு நட்டமில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் அதற்குச் செலவான மண்ணும் மணலும் தண்ணீரும் ஊருக்கு நட்டம்.

மூன்றாவது காரணம் வரி. முன்பெல்லாம் ஒருவர் இரண்டாவது வீட்டைப் பூட்டியே வைத்திருந்தாலும், வாடகை வந்ததாகப் பாவித்து அதற்கு வருமான வரி விதிப்பார்கள். 2019-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு வீடுகள்வரை அந்த வரி நீக்கப்பட்டது. இரண்டு ஊர்களில் குடும்பம் நடத்துவோருக்கு இது நல்லதே. ஆனால் இரண்டாம் வீட்டுப் பூட்டின்மேல் இருந்த சிறு சுமையும் அதனால் போயிற்று. கனடா நாட்டு வான்கூவர் நகரம் இதற்கு நேர் மாறான வழியில் சென்றது. 2017 முதல் காலி வீட்டுக்கென்றே வரி விதித்தது. முதலில் வீட்டு மதிப்பில் நூற்றுக்கு ஒன்று, 2021 முதல் நூற்றுக்கு மூன்று.

நான்காவது காரணம் தூரம். தனியார் வீடுகள் மட்டுமே பூட்டிக் கிடக்கின்றன என்று எண்ணாதீர்கள். ஏழைகளுக்கென்று அரசாங்கம் கட்டியவற்றிலும் காலி வீடுகள் உண்டு. 2005-இல் தொடங்கிய நேரு நகரப் புனரமைப்புத் திட்டத்தில் பல ஊர்களில் கட்டிய வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. 2020-இல் பெருந்தொற்று வந்து, தங்க இடமில்லாத தொழிலாளர் கால்நடையாகவே சொந்த ஊர்களுக்குத் திரும்பிய கொடுமையைக் கண்ட பிறகே, அவ்வீடுகளை வாடகை வீடுகளாக மாற்றும் திட்டம் பிறந்தது. ஏழைகள் ஏன் அங்கே குடிபோகவில்லை? நகரின் நடுவே நிலம் விலை மிகுந்தது. ஆகவே வீடு தொலைவில் எழுந்தது. பாத்திரம் துலக்கியும் மூட்டை தூக்கியும் பிழைப்பவனுக்கு வேலை இருக்கும் இடத்தில்தான் வாழ்வு. வேலைக்குப் போய்வரும் பேருந்துச் செலவு, மிச்சப்படும் வாடகையைத் தின்றுவிடுமானால் அவன் சாவியை வாங்கி என்ன செய்வான்?

இதுவரை பிறரைப் பற்றியே பேசினேன். இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லையேல் இப்பேச்சு முழு உண்மை ஆகாது.

நான் 2014-இல் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தைக் கொண்டு, நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அருகிலேயே இரண்டு அறையுள்ள சிறிய அடுக்குமாடி வீடு ஒன்று வாங்கினேன். மகன் புனாவில் வேலையில் இருந்தான். என்றேனும் திரும்பி வருவான், அவனுக்கு ஆகும் என்பது என் எண்ணம். தனி வளை கிடைக்காமல் மறைந்த தந்தையாரின் நினைவும் உள்ளே இருந்திருக்கலாம். வாங்கிய வீட்டைப் பூட்டினேன். உறவினர் ஒருவர் தம் வீட்டில் இருந்தவரை வெளியேற்ற ஒன்பது ஆண்டு நீதிமன்றம் நடந்த கதையைச் சொல்லி எச்சரித்திருந்தார். மூன்று ஆண்டுகள் அந்த வீடு பூட்டியே கிடந்தது.

2018-இல் ஒரு நாள் என் பழைய மாணவி ஒருத்தி தேடி வந்தாள். செவிலியாக வேலை பார்க்கிறாள். தாயும் தம்பியும் அவள் பொறுப்பு. "உங்கள் வீடு காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன் ஐயா. நான் வேலை செய்யும் இடத்துக்கு நடந்தே போய்விடலாம். இரவு வேலை முடிந்து தனியாக வர வேண்டியிருப்பதால்தான் கேட்கிறேன்" என்றாள். நான், "மகன் அடுத்த மாதம் வருகிறான் அம்மா" என்றேன். அது பொய். நேரங்கெட்ட நேரத்தில் வந்து போகும் பெண்ணுக்கு வீடு விட்டால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்பதுதான் உண்மையான காரணம். நாலு ஆண்டு அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் ஒழுக்கத்துக்கு என்னைவிடச் சாட்சி வேறு யார்? இருந்தும் பொய் சொன்னேன். அவள் அதைப் புரிந்துகொண்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். "பரவாயில்லை ஐயா" என்று சொல்லி, வணங்கிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிரவு எனக்கு அந்த 35 கட்டப் படிவம் நினைவுக்கு வந்தது. யாரேனும் ஓர் ஆசிரியர் என் வீட்டு வாசலுக்கு வந்தால், 'காலி' என்று எழுதிவிட்டு, வேலை எளிதாயிற்று என்று மகிழ்ச்சியோடு அடுத்த வாசலுக்குப் போவார். எட்டு ஆண்டுகளுக்கு முன் யாரைப் பார்த்து வியந்தேனோ, அவர்களில் ஒருவனாக நானே ஆகிவிட்டிருந்தேன்.

ஆகவே ஐந்தாவது காரணம் ஒன்றைச் சேர்க்கிறேன். இதை எந்தக் குழுவும் கட்டம் போட்டுக் கணக்கெடுப்பதில்லை. அது நம் மனத்திலுள்ள பூட்டு. இன்ன சாதியாருக்கு விடமாட்டோம், இன்ன மதத்தாருக்கு விடமாட்டோம், புலால் உண்பவருக்கு இல்லை, தனியாக வாழும் பெண்ணுக்கு இல்லை, மணமாகாத இளைஞனுக்கு இல்லை என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'வாடகைக்கு விடப்படும்' என்ற பலகை வாசலில் தொங்கும். ஆனால் யாருக்கு என்பது பலகையில் இராது. கேட்டு வருபவன் பெயரையும் ஊரையும் விசாரித்த பின்தான் அது வெளிவரும். அப்படித் தட்டிக் கழிக்கப்பட்டவர்களுக்கு, வீடு காலியாக இருந்தும் இல்லை என்பதே பொருள்.

என்ன செய்யலாம்? சட்டத்தின் பக்கம் சில நல்ல மாறுதல்கள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்; வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டு வந்த வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 2021-இல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டத்துக்கு இசைவளித்து மாநிலங்களுக்கு அனுப்பியது; அதில் குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் இரண்டே மாத வாடகை. குறித்த காலம் முடிந்தால் சொந்தக்காரனுக்கு வீடு திரும்பும் என்ற உறுதியும், அதுவரை குடித்தனக்காரனை அசைக்க முடியாது என்ற உறுதியும் இச்சட்டங்களில் சேர்ந்தே இருக்கின்றன. இந்த இரு உறுதியில் ஒன்று தளர்ந்தாலும் மற்றது நில்லாது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. வழக்கு மாதக் கணக்கில் முடிய வேண்டும். ஆண்டுக் கணக்கில் இழுபட்டால் அச்சம் நீங்காது.

அரசாங்கம் கட்டும் வீடுகள் யாவும் விற்பனைக்கே என்ற எண்ணமும் மாற வேண்டும். ஊருக்கு ஐந்தாண்டு மட்டும் பிழைக்க வந்தவனுக்குச் சொந்த வீடு வேண்டுவதில்லை. கௌரவமான வாடகை வீடு வேண்டும். ஏழைகளுக்கான வீடுகள் வேலை இருக்கும் இடத்துக்கு அருகில் எழ வேண்டும். அதற்காக நிலத்துக்குச் சற்று மிகுதியாகச் செலவானாலும், கட்டி முடித்துப் பூட்டி வைப்பதைவிட அது சிக்கனம்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப் போயிற்று. 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு நடத்துவதென்று பின்னர் அறிவித்தார்கள். அதனால்தான் இவ்வளவு நேரமும் 2011-ஆம் ஆண்டு எண்களையே சொல்லிக்கொண்டிருந்தேன். புதிய எண்கள் கைக்கு வரும்போது பூட்டுகள் கூடியிருக்குமா குறைந்திருக்குமா என்பதை அரசாங்கத்தின் சட்டம் ஒரு பாதி தீர்மானிக்கும். நம்மைப் போன்ற சிறு சொந்தக்காரர்கள் மறு பாதியைத் தீர்மானிப்போம்.

என் வீட்டைப் பற்றிய செய்தியையும் சொல்லி முடிக்கிறேன். 2019-இல் அதைத் திறந்தேன். முதலில் அந்தப் பழைய மாணவிக்குத்தான் சொல்லியனுப்பினேன். அவள் அதற்குள் நகரின் மறு கோடியில் ஒரு வீடு பார்த்துக் குடிபோய்விட்டாள். வேலைக்கு வந்து போக இரண்டு பேருந்து மாற வேண்டும் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு தையற்காரக் குடும்பத்துக்கு உடன்படிக்கை எழுதிப் பதிந்து கொடுத்தேன். இன்ன தேதிக்கு வாடகை வருகிறது; இன்ன இடத்தில் ஒழுகுகிறது என்று அவர்கள் சொன்னால் நான் ஆள் விட்டுப் பார்க்கிறேன். அவ்வளவுதான் எங்களுக்குள் உள்ள உறவு. அச்சப்பட்டதில் ஒன்றும் நடக்கவில்லை. நூற்றுக்கு மூன்று ரூபாய்தான் வருகிறது. ஆயினும் மாலை வேளையில் அந்தப் பக்கம் போகும்போது, இருண்டு கிடந்த சன்னலில் விளக்கு எரிவதைக் காண்கிறேன்.

சாவிக் கொத்து மாட்டியிருந்த அந்த ஒற்றை அறையை இன்னும் நான் மறக்கவில்லை. தனி வளை வேண்டும் என்று சொன்ன நம் முன்னோர் எலியைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள். எந்த எலியும் தான் வாழ ஒரு வளையும், பூட்டி வைக்க ஒரு வளையுமாகத் தோண்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நேயர்களில் எவரிடமேனும் அப்படி இரண்டாவது வளை ஒன்று இருக்குமானால், அதன் சாவி இப்போது எந்த ஆணியில் தொங்குகிறது என்று ஒரு முறை எண்ணிப் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.